மேஜையைச் சுற்றி ஓர் உலகம் கட்டிய கேரி கைகாக்ஸ்

இரண்டாமாண்டு மாணவர், இயந்திரவியல் பட்டயப் பிரிவு



ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். விஞ்ஞானிகள், தலைவர்கள் என்று எல்லோரையும் யோசித்துப் பார்த்தேன். அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே நாலு பேர் இருப்பார்கள். எனக்கு உண்மையாகவே தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காதவர். வேலை போனபோது வீட்டில் உட்கார்ந்து செருப்பு ரிப்பேர் செய்து பிள்ளைகளைக் காப்பாற்றியவர். ஆனாலும் இன்று உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் வாரத்தில் ஒரு நாள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசிச் சிரிக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணமான இருவரில் அவர் ஒருவர். பெயர் கேரி கைகாக்ஸ். அமெரிக்கர். 1938இல் பிறந்து 2008இல் மறைந்தவர்.

இருவரில் ஒருவர் என்று ஏன் சொன்னேன் என்பது போகப் போகத் தெரியும்.

அது என்ன ஆட்டம்?

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம். ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தன் திருடன். நடுவர் ஒரு இடத்தை வாயாலேயே விவரிப்பார். இருட்டான சுரங்கம், எதிரே பூட்டின கதவு, உள்ளே ஏதோ சத்தம்... இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். கதவை உடைக்கலாம், ஒட்டுக் கேட்கலாம், திரும்பி ஓடலாம். எது வேண்டுமானாலும் சொல்லலாம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும்.

தாயத்தில் காய்களெல்லாம் பழமானால் ஆட்டம் முடிந்தது. இதில் முடிவே கிடையாது. ஜெயித்தவன், தோற்றவன் என்றும் கிடையாது. அடுத்த வாரம் அதே வேடத்தோடு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒருவர் வழியைப் படம் போட்டுக்கொண்டே வருவார். ஒருவர் எல்லோரையும் கலந்துகொண்டு முடிவை நடுவரிடம் சொல்வார். கிடைத்த புதையலைப் பங்கு பிரிப்பார்கள். அதில்தான் பெரிய சண்டை வரும்! ஆனால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். எழுந்து போனால் ஆட்டம் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பில் நிற்காத மனசு

கேரி கைகாக்ஸ் 1938 ஜூலை 27 அன்று சிகாகோ நகரில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர், வயலின் வாசிக்கத் தெரிந்தவர். கேரிக்கு எட்டு வயதானபோது, 1946இல், குடும்பம் அம்மாவின் சொந்த ஊரான லேக் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது.

சின்ன வயதிலேயே அவருக்குச் சீட்டும் செஸ்ஸும் பழகிவிட்டது. ஊரில் பாழடைந்து கிடந்த ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் சுரங்க வழிகளில் கூட்டாளிகளோடு நுழைந்து பார்ப்பதில் அவ்வளவு ஆசை. மலிவு விலைப் பத்திரிகைகளில் வந்த வீரசாகசக் கதைகளை விழுந்து விழுந்து படித்தார். பாடப் புத்தகம் மட்டும் ஏறவில்லை. 1956இல் அப்பா இறந்துபோனார். உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலே வெளியே வந்தார். கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து, உடம்புக்கு முடியாமல் கொஞ்ச நாளிலேயே திரும்பினார். பிறகு சிகாகோவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை. 1958இல் கல்யாணம். அந்த மனைவி மூலம் ஐந்து பிள்ளைகள்.

அப்போதுதான் அவர் கையில் கெட்டிஸ்பர்க் என்ற போர் ஆட்டம் கிடைத்தது. அட்டையில் வரைபடம், சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள்தான் படைகள். அதைப் பிடித்தவர் விடவே இல்லை. ராத்திரி நேரம் கழித்து வருகிற கணவர் மேல் சந்தேகப்பட்டு மனைவி தேடிப் போனாராம். போய்ப் பார்த்தால் நண்பர் வீட்டு நிலவறையில் வரைபடத்தைச் சுற்றி நாலு ஆண்கள் குனிந்து நிற்கிறார்கள்! இப்படி ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்வதுண்டு.

தபாலில் சேர்ந்த கூட்டம்

நண்பர்களே, 1960களில் இந்த மாதிரி ஆட்டக்காரர்கள் ஊருக்கு ஒருவர், இருவர்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புரியாது. ஆகவே ஆட்டக் கம்பெனி நடத்திய பத்திரிகையில் எதிராளி தேவை என்று விலாசத்தோடு விளம்பரம் கொடுப்பார்கள். தபாலிலேயே நகர்த்தலை எழுதி அனுப்பி ஆடுவார்கள். ஒரு ஆட்டம் முடிய மாதக்கணக்காகும். முகம் பார்க்காமலே சினேகிதர்கள் ஆனவர்கள் ஏராளம்.

கைகாக்ஸ் ஓயாமல் கடிதம் எழுதுகிறவர். வேறு சிலரோடு சேர்ந்து போர் ஆட்டக்காரர்களின் சர்வதேசச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். 1967இல் தன் வீட்டு நிலவறையில் சுமார் 20 பேரைக் கூட்டி ஆட வைத்தார். இடம் போதவில்லை. அடுத்த வருடம், 1968 ஆகஸ்டில், ஊரில் இருந்த தோட்டக்கலைச் சங்க மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்தார். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். வந்தது நூறு பேர் அளவில். அந்தக் கூட்டத்தின் பெயர் ஜென் கான். வருடா வருடம் நடந்து, ஊர் மாறி, 2003 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் பல்லாயிரம் பேர் கூடும் திருவிழாவாக நடக்கிறது.

1969ஆம் வருட ஜென் கானில் ஒரு இளைஞர் வந்தார். மின்னசோட்டாவில் படித்துக்கொண்டிருந்தவர். வயது 21. பெயர் டேவ் ஆர்னசன். இந்தப் பெயரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பழைய பாய்மரக் கப்பல் போருக்கு விதிகள் எழுதுவதில் கூட்டுச் சேர்ந்தார்கள்.

வேலை போச்சு, ஆட்டம் வந்தது

1970 அக்டோபரில் கைகாக்ஸின் இன்ஷூரன்ஸ் வேலை போய்விட்டது. வயது 32. வீடு நிறையப் பிள்ளைகள். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆளின் வேலை நின்றால் என்ன ஆகும் என்பதை நம்மில் பாதிப் பேருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வேறு ஆபீஸ் தேடி அலையவில்லை. செருப்பு ரிப்பேர் செய்யக் கற்றுக்கொண்டு, நிலவறையில் பட்டறை போட்டுவிட்டார். வருமானம் கம்மி. ஆனால் நேரம் அவர் கையில் இருந்தது. அதே நிலவறையில் மணல் மேஜையும் இருந்தது, ஈயப் பொம்மைச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

1971இல் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து செயின்மெயில் என்ற விதிப் புத்தகத்தை வெளியிட்டார். அந்தக்கால ராஜாக்களின் படைப் போருக்கான விதிகள். அதன் கடைசிப் பகுதியில் மந்திரவாதி, பறக்கும் நாகம், பூதம் எல்லாவற்றுக்கும் விதி எழுதிச் சேர்த்தார். சரித்திரப் போர் ஆடும் சில பெரியவர்கள் இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முகத்தைச் சுளித்தார்கள். இளைஞர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

அங்கே மின்னசோட்டாவில் ஆர்னசன் வேறொன்று செய்துகொண்டிருந்தார். அவருடைய நண்பர் டேவிட் வெஸ்லி 1969இல் ஒரு போர் ஆட்டத்தில் படைகளைக் கொடுக்காமல் ஆளுக்கு ஒரு மனிதனைக் கொடுத்துப் பார்த்தார். மேயர், மாணவர் தலைவர், இப்படி. ஆர்னசன் அதைப் பிடித்துக்கொண்டு பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை உண்டாக்கினார். கோட்டைக்குக் கீழே பாதாள வழிகள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேடம். உயிரோடு திரும்பி வந்தால் அடுத்த முறை வலிமை கூடும். ஆட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

1972 கடைசியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து கைகாக்ஸ் வீட்டில் பிளாக்மூரை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அசந்துபோனார். விதிகளை எழுதித் தா என்று கேட்டு வாங்கினார். வந்தது கையால் எழுதின கொஞ்சம் குறிப்புகள். அதையும் செயின்மெயிலையும் வைத்துக்கொண்டு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதலில் 50 பக்கம், அப்புறம் 150 பக்கம். அவருடைய சொந்தப் பாதாளக் கோட்டையில் முதன்முதலில் இறங்கியவர்கள் அவருடைய மூத்த மகன் எர்னியும் மகள் எலீஸும். அந்தக் காலப் போர் ஆட்டக் கூட்டங்களில் பெண்கள் அபூர்வம். அந்தக் கோட்டையின் முதல் இரண்டு பேரில் ஒருத்தி சின்னப் பெண் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆயிரம் பெட்டிகள்

ஏற்கெனவே தொழிலில் இருந்த கம்பெனி இதை வெளியிட முன்வரவில்லை. 1973 அக்டோபரில் கைகாக்ஸும் சின்ன வயதுத் தோழர் டான் கேயும் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு டி.எஸ்.ஆர். என்று சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார்கள். டான் கே தன் பங்குப் பணத்தை ஆயுள் இன்ஷூரன்ஸ் மேல் கடன் வாங்கிப் போட்டார். அதுவும் பத்தவில்லை. பிரையன் ப்ளூம் என்ற நண்பர் பணம் போட்டுப் பங்காளியானார்.

1974 ஜனவரியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. பழுப்பு நிறப் பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். அச்சடித்தது 1,000 பெட்டி. தாளை மடித்து, பெட்டியை ஒட்டி, எல்லாம் கைவேலை. அட்டையில் கைகாக்ஸ், ஆர்னசன் என்று இரண்டு பெயர்கள். ஒரு வருடத்துக்குள் ஆயிரமும் தீர்ந்துவிட்டது.

விற்றது ஆயிரம்தான், ஆடியவர்கள் அதைப்போல் பல மடங்கு! கல்லூரி விடுதிகளில் ஒருவன் வாங்கினால் மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் அறையிலும் ஒரு சீனியர் விட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களில்தான் ஆட்டம் ஆரம்பித்தது. விடுதிப் பசங்க எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. விதிகளில் பல இடம் தெளிவாக இருக்காது. அதனால் ஒவ்வொரு ஊரும் தனக்கென்று விதி வைத்துக்கொண்டது. ஒரு ஊர் ஆட்டக்காரன் இன்னொரு ஊர் மேஜையில் உட்கார்ந்தால் முதல் கேள்வி, இங்கே எப்படி ஆடுவீங்க என்பதுதான். 1975இல் கலிபோர்னியாவில் லீ கோல்ட் என்ற பெண்மணி ஒரு கூட்டுப் பத்திரிகை ஆரம்பித்தார. ஆட்டக்காரர்கள் ஆளுக்குச் சில பக்கம் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து எல்லோருக்கும் அனுப்புவார். பாராட்டு, திட்டு, புது விதி எல்லாம் அதில் வரும்.

பகடைக்கும் ஒரு கதை உண்டு. நாலு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் உள்ள பகடைகளைக் கைகாக்ஸ் பள்ளிக்கூடச் சாமான் விற்கிறவர்களின் பட்டியலில் பார்த்துத்தான் வாங்கினார். கணக்குப் பாடத்துக்கு வடிவம் காட்டச் செய்தவை அவை! 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தது. கம்பெனியே பெட்டிக்குள் எண் போட்ட அட்டைச் சீட்டுகளை வைத்து, கோப்பையில் போட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னது. எங்கள் அறையில் பகடை வாங்க வழியில்லாமல் எவர்சில்வர் டம்ளரில் ஒன்று முதல் இருபது வரை சீட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தோம். இதைப் படித்த அன்று எங்களுக்கு ஒரே பெருமை.

பெயர் யாருக்கு?

இனிமேல் வருவது கசப்பான பகுதி. பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது வழக்கம். நான் விடப்போவதில்லை.

1975 ஜனவரி 31 அன்று டான் கே மாரடைப்பால் இறந்தார். வயது 36. அவருடைய பங்கை வாங்கக் கைகாக்ஸிடம் பணம் இல்லை. கம்பெனியின் பெரும்பகுதி ப்ளூம் குடும்பத்தின் கைக்குப் போனது. ஆர்னசன் 1976இல் வேலைக்குச் சேர்ந்து அந்த வருடமே விலகிவிட்டார்.

1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் ஆட்டத்தை விரிவாக்கி மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள் எழுதினார். மேம்பட்ட ஆட்டம், ஆகவே இது வேறு ஆட்டம் என்று கம்பெனி சொன்னது. அட்டையில் ஒரே பெயர்தான் இருந்தது. ஆர்னசன் பெயரும் இல்லை, அவருக்குச் சேர வேண்டிய ராயல்டியும் இல்லை. 1979இல் ஆர்னசன் கோர்ட்டுக்குப் போனார். 1981இல் சமரசம் ஆயிற்று. அவருக்குப் பணம் கிடைத்தது. சினேகிதம் பழையபடி ஆகவில்லை.

கைகாக்ஸ் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக்கியது, பணம் புரட்டியது, பெட்டி ஒட்டியது, ராத்திரி பகல் டைப் அடித்தது எல்லாம் அவர்தான். அவர் இல்லையென்றால் பிளாக்மூர் ஒரு ஊரோடு நின்றிருக்கும். ஆனால் ஆர்னசன் இல்லையென்றால் எழுதுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. முதலில் உங்கள் இஷ்டப்படி விதியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்ன அதே மனிதர், பிறகு நாங்கள் அச்சிட்டதுதான் சரியான விதி என்று கறாராகப் பேச ஆரம்பித்தார். ஊர் ஊராக ஆட்டத்தை வளர்த்த கூட்டுப் பத்திரிகைக்காரர்களையும் கடிந்து எழுதினார்.

பழியும் வீழ்ச்சியும்

1979இல் மிச்சிகனில் 16 வயது மாணவன் ஒருவன் பல்கலைக்கழகத்திலிருந்து காணாமல் போனான். இந்த ஆட்டம்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. உண்மையில் அந்தப் பையன் தனிமையாலும் மன வேதனையாலும் தவித்தவன். ஆனாலும் பழி ஒட்டிக்கொண்டது. இது பேய் வழிபாடு, பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 1980களில் பிரச்சாரம் நடந்தது. கைகாக்ஸோ பக்தியுள்ள கிறிஸ்தவர்! 1985இல் தொலைக்காட்சியில் தோன்றிப் பதில் சொன்னார். ஒன்று யோசித்துப் பாருங்கள். தனியாகக் கிடக்கிற பையனை நாலு பேரோடு உட்கார வைக்கிற ஆட்டத்துக்குத்தான் இந்தப் பழி. வேடிக்கை என்னவென்றால், பழி பரவப் பரவ விற்பனையும் ஏறியது.

1983இல் கார்ட்டூன் தொடருக்காகக் கைகாக்ஸ் ஹாலிவுட் போனார். அதே வருடம் மனைவியோடு விவாகரத்து. 1984இல் திரும்பி வந்து பார்த்தால் கம்பெனி கடனில் மூழ்கிக் கிடந்தது. நிர்வாகத்தைச் சரிசெய்ய லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவரைக் கொண்டுவந்தார். ப்ளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை அவருக்கே விற்றுவிட்டார்கள். 1985 அக்டோபரில் கைகாக்ஸ் தலைவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். கோர்ட்டிலும் தோற்றார். அடுத்த வருடம் ஒரேயடியாக வெளியேறினார். நிலவறையில் பிறந்த ஆட்டம் இனி அவருடையது இல்லை. ஆர்னசன் பட்ட வேதனை என்ன என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்திருக்குமோ?

மறுபடியும் மேஜை

பிறகும் அவர் புதுப் புது ஆட்டங்கள் எழுதினார். எதுவும் முதலாவதைப் போல ஓடவில்லை. 1997இல் பழைய கம்பெனியை வேறு கம்பெனி வாங்கியபோது அவரை மரியாதையோடு கூப்பிட்டார்கள். ஜென் கானுக்கு மறுபடி போய்வந்தார். மற்ற நாட்களில் லேக் ஜெனீவாவில் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் வாரம் ஒரு முறை ஆட்டம் நடத்தினார். வெளியூரிலிருந்து தேடி வருகிறவர்களுக்கும் நாற்காலி போடுவார். 2004இல் பக்கவாதம் தாக்கியது. 2008 மார்ச் 4 அன்று, 69ஆம் வயதில் காலமானார். அடக்கம் முடிந்த கையோடு நண்பர்களும் குடும்பத்தாரும் ஒரு மண்டபத்தில் கூடி என்ன செய்தார்கள் தெரியுமா? மேஜைகளைப் போட்டு ஆடினார்கள். அடுத்த வருடத்திலிருந்து அது கேரி கான் என்ற விழாவாயிற்று. டேவ் ஆர்னசன் 2009 ஏப்ரல் 7 அன்று மறைந்தார்.

பங்கு வைத்திருந்தவர்கள் மாறிக்கொண்டே போனார்கள். மேஜையில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவில்லை.

கடைசியாக, என் கதை கொஞ்சம். போன வருடம் நம் துறையின் கண்காட்சியில் மிதித்தால் தண்ணீர் இறைக்கும் சைக்கிள் பம்பு ஒன்று வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? பரிசும் கிடைத்தது. வெல்டிங் நான் செய்தேன், சார்ட் நான் எழுதினேன், நடுவர்களிடம் பேசியதும் நான்தான். ஆனால் கிராங்கை அப்படி மாட்டலாம் என்று மெஸ் பில்லின் பின்பக்கம் வரைந்து காட்டியவன் என் அறைத் தோழன். சான்றிதழில் ஒரு பெயர்தான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அந்தச் சான்றிதழை அம்மா கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. அவனும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டத்துக்கு வந்து எங்கள் எல்லோருக்காகவும் வழிப்படம் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஆர்னசன் கதையைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். அந்தப் பம்பின் யோசனை என்னுடையது இல்லை, அவனுடையது. மலரில் உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். இப்ப எதுக்குடா, போன வருஷம் போட்டிருக்கலாமே என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சீட்டைக் குலுக்கினான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய் அம்மாவிடம் சொல்லப் போகிறேன்.

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாடு முடிந்ததும் எங்கள் அறையில் ஆட்டம் நடக்கும். டம்ளரில் இருபது சீட்டு இருக்கிறது. இன்னும் இரண்டு பேருக்கு இடமும் இருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் வரலாம்.